பதிவாளரின் மேசையில் தொடங்கும் பயணம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வருகிறவர்கள் பெரியகல்லாற்றைத் தாண்டினால் அம்பாறை மாவட்டத்தின் முதல் ஊராகப் பெரியநீலாவணை வரும். கவிஞர் நீலாவணன் தன் புனைபெயரை எடுத்துக்கொண்ட ஊர் இதுதான். தமிழர் வீடுகளும், மருதமுனையை ஒட்டி எங்கள் முஸ்லிம் வீடுகளுமாக இருக்கும். கிழக்கே கடல், மேற்கே வயல். என் சிறுவயதில் மருதமுனைப் பக்கம் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் கைத்தறிச் சத்தம் கேட்கும். வாப்பாவும் தறிக்காரர். சாறனும் சாரியும் நெய்து எங்கள் வீட்டு மூன்று குமருக்கு வீடு கட்ட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண்பிள்ளை பிறந்த அன்றே ஒரு வீட்டுச் செலவும் பிறந்துவிடும். எண்பதுகளுக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் எழுந்த கல்வீடுகளில் எத்தனையோ குவைத்திலும் சவூதியிலும் கத்தாரிலும் உழைத்த காசில் கட்டியவை.

அந்தக் காசைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் சேர்க்கவேண்டிய கடுதாசிகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. பிழைப்புக்காகப் பல வருடம் மற்றவர்களுக்குப் போம் நிரப்பியிருக்கிறேன். கத்தார் வேலை விசாவுக்கும் அமெரிக்கக் கிறீன் காட்டுக்கும் எனக்காகவும் நிரப்பியிருக்கிறேன். இத்தனை போமிலும் நான் கண்டது ஒன்றுதான்: விசா கொடுப்பது கொழும்பில் உள்ள தூதரகமாக இருக்கலாம், தோஹாவில் உள்ள அமைச்சாக இருக்கலாம், கிடைக்குமா கிடைக்காதா என்பதில் பாதி எங்கள் ஊரிலேயே, பிறப்புப் பதிவாளரின் மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலத்தில், 1998இல், வாப்பா என்னை மருதமுனைப் பிரதான வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் சேர்த்துவிட்டார். வெளிநாட்டுக் கோல், பெக்ஸ், போட்டோக் கொப்பி, ஒரு பழைய டைப்ரைட்டர். கண்ணாடி அடைத்த சிறு அறைக்குள் நின்று உம்மாமார் றியாதுக்கும் குவைத்துக்கும் பேசுவார்கள். வெளியே மீற்றர் ஓடும். என் இங்கிலிஸ் எழுத்து வடிவாக இருந்ததால் முதலாளி என்னைப் போம் மேசையில் இருத்தினார். பாஸ்போட் விண்ணப்பத்தில் எல்லா நாடுகளுக்கும் என்று ஒரு பெட்டி, மத்திய கிழக்கு நாடுகளுக்கு மட்டும் என்று ஒரு பெட்டி. என் மேசைக்கு வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு நான் அடையாளமிட்டது இரண்டாவது பெட்டியில்.

ஒரு சொப்பிங் பேக்கில் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வருவார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, ஜீஎஸ் என்னும் கிராம சேவகர் கொடுத்த சான்றிதழ், ஜே.பி. என்னும் சமாதான நீதவான் ஒப்பமிட்ட போட்டோ. மேசையில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும். ஒன்றில் மீராலெவ்வை, ஒன்றில் மீராலெப்பை, இன்னொன்றில் மீரா தனியாக லெப்பை தனியாக. பிறப்புப் பத்திரம் தமிழில் இருக்கும். அதை இங்கிலிஸுக்கு மாற்றும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். முகம்மது என்ற பெயர் எங்களில் பாதி ஆண்களுக்கு உண்டு. அதில் முதல் எழுத்துக்குப் பின் ஓ போடுவதா யூ போடுவதா, நடுவில் எம் ஒன்றா இரண்டா, முடிவில் ஈ.டியா ஏ.டியா என்று ஒரு வீட்டுக்குள்ளேயே காக்காவுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகாது.

அதைவிடப் பெரிய சிக்கல் குடும்பப் பெயர். போமில் குடும்பப் பெயருக்கு ஒரு கோடு, ஏனைய பெயர்களுக்கு ஒரு கோடு. எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. வாப்பாவின் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும்.

“வாப்பாட பேர் எது, உங்கட பேர் எது, பிரிச்சுச் சொல்லுங்க மாமி” என்று கேட்பேன்.

“எல்லாம் சேந்துதான் மகன் என்ட பேர். நீங்க படிச்ச புள்ளதானே, பாத்துப் போடுங்க” என்பார்கள்.

எந்தப் பக்கம் எதைப் போடுகிறோமோ அதுதான் பிறகு ஆயுளுக்கும் நிற்கும். காக்காவின் பாஸ்போட்டில் வாப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், தம்பியின் பாஸ்போட்டில் அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகவும் பதிந்துவிட்டால், ஒருவர் மற்றவரை உடன்பிறந்தவர் என்று வெளிநாட்டு அலுவலரிடம் நிறுவ வேறு பத்திரங்கள் தேடவேண்டும். தறியில் பாவு நூல் ஓரிழை அறுந்தால் நெசவு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எழுத்துப் பிழையும் அப்படித்தான். அறுந்தது எங்கே என்று தேடி முடிந்த பிறகுதான் மேலே போகலாம்.

பெயர் பிழைபட்டால் அலைச்சலோடு போகும். வயது பிழைபட்டால் உயிர் போகும். ஊருக்குள் சுற்றிய சப் ஏஜென்டுகள் பெண்களின் வயதைக் கூட்டுவது அந்தக் காலத்தில் இரகசியமாக இருக்கவில்லை. மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த றிஸானா நபீக்கின் கதையை இலங்கையில் அறியாதவர் இல்லை. 1988இல் பிறந்த பிள்ளை; பாஸ்போட்டில் 1982 என்று போட்டு 2005இல் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பினார்கள். போன சில வாரங்களில் அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. நீதிமன்றத்தின் முன் பாஸ்போட்டில் இருந்த வயதுதான் நின்றது. அவள் பிறப்புப் பத்திரம் சொன்ன வயது, சம்பவம் நடந்தபோது அவள் பதினெட்டு வயதை எட்டவில்லை என்பது, அவளைக் காப்பாற்றவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர்கள் வேறு பேச்சுப் பேசவில்லை. வயதைக் கூட்டி எழுதச் சொல்லிப் பிறகு ஒருவரும் என்னிடம் வரவில்லை.

அதே வருடம் பெண்கள் வெளிநாடு போகக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் அந்த அறிக்கை ஒரு புது வியாபாரத்தைத்தான் திறந்துவிட்டது. முறையாகப் போகமுடியாதவர்கள் சுற்றுலா விசாவில் போனார்கள். அப்படிப் போனவர்களுக்கு, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. 2022இல் நாடு டொலருக்குத் தவித்தபோது அதே விதிகள் தளர்ந்தன.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது எங்கள் மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். உயிர் போன வீடுகளில் கடுதாசியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. கிழமைகள் கழிந்து நிவாரணப் பதிவு தொடங்கியபோதுதான் ஊர் தன் பெயரைத் தானே நிரூபிக்கவேண்டிய நிலையில் நின்றது. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவான காவின், பாஸ்போட் எல்லாம் இருந்த தகரப் பெட்டிகளைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. பாடசாலைகளில் நடமாடும் சேவைகள் வைத்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு மரணப் பதிவு கொடுக்க 2005இல் தனியாக ஒரு சட்டமே வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் போம் நிரப்ப நாங்கள் காசு வாங்கவில்லை. பிரதி எடுக்கக் கச்சேரிக்குப் போனால் பதிவேட்டில் உள்ளதுதான் கிடைக்கும். அப்போதுதான் பலர் தங்கள் பிறப்புப் பதிவை முதன்முதலாக வாசித்தார்கள். நாற்பது வருடமாகத் தாங்கள் எழுதிவந்த பெயர் அதில் இல்லை என்பதைக் கண்டார்கள். பதிவே இல்லாத மூத்தவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தோம்.

எங்கள் வீடு உடைந்தது. மூத்த தாத்தாவுக்கு, அதாவது மூத்த அக்காவுக்கு, வீடு கட்டியாயிற்று. மற்ற இருவருக்கும் இல்லை. 2007இல் நானே பயணமானேன்.

கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பனிக்கு ஸ்டோர் கிளார்க். கல்முனை இரவு பஸ்ஸில் ஏறி, வழியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, விடியக் கொழும்பு. போர்க்காலம். கிழக்கு அடையாள அட்டையோடு கொழும்பில் நிற்பவன் ஏன் வந்தான் என்று சொல்ல ஒரு கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்திருக்கவேண்டும். ஏஜென்சியின் கடிதத்தை நான் மடித்து வைத்திருந்தேன். பாஸ்போட் அலுவலகம் அப்போது புஞ்சி பொரளையில் இருந்தது. பத்தரமுல்லைக்குப் போனது பிறகு. வளைகுடா நாடுகள் அங்கீகரித்த நிலையத்தில் மெடிக்கல். இரத்தம், எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் பழைய சளித் தழும்பு ஒன்று தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள். என்னோடு வந்த ஒருவர் அங்கிருந்தே ஊருக்குத் திரும்பினார். ஏஜென்சிக்குக் கட்டிய காசு அவருக்கு முழுதாகத் திரும்பி வரவில்லை.

விசா பாஸ்போட்டில் விழுந்தால் வேலை முடிந்தது என்று ஊரில் நினைப்பார்கள். அது நாட்டுக்குள் நுழைய மட்டும்தான். தோஹாவில் இறங்கியபின் மறுபடி இரத்தப் பரிசோதனை, மறுபடி எக்ஸ்ரே, விரலடையாளம், அதன்பின் வதிவிட அனுமதி. அந்த அட்டையை எங்கள் ஆட்கள் பத்தாக்கா என்பார்கள், சவூதியில் இக்காமா. அது கைக்கு வரும்வரை வெளியே நடமாடப் பயம். பொலிஸ் மறித்தால் காட்ட ஒன்றும் இல்லை. அட்டை எடுக்கவேண்டியது முதலாளி; பிடிபடுவது தொழிலாளி. கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்த சம்பளம் தோஹாவில் நீட்டிய இரண்டாவது ஒப்பந்தத்தில் குறைந்திருந்தது. பாஸ்போட்டைக் கம்பனி வாங்கி அலுமாரியில் பூட்டிக்கொண்டது. வதிவிட அலுவல் முடிந்ததும் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது என்பதைக் காம்பில் இருந்த ஒரு கேரளக்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

கஃபீல் என்ற பொறுப்பு முதலாளி இல்லாமல் அங்கே ஒருவன் இல்லை. அப்போது வேறு கம்பனிக்கு மாற அவர் தடையில்லாக் கடிதம் தரவேண்டியிருந்தது. தராமல் நாட்டைவிட்டு வந்தால் இரண்டு வருடம் வேலைக்குத் திரும்பிப் போக முடியாதிருந்தது. ஊருக்கு வரவும் அவருடைய எக்ஸிட் பேர்மிட் வேண்டியிருந்தது. வாப்பா மௌத்தான செய்தி ஒரு வியாழக்கிழமை இரவு வந்தது. ஒப்பமிடவேண்டியவர் வெள்ளி, சனி விடுமுறையில் இருந்தார். போயிருந்தாலும் ஜனாஸாவுக்கு எட்டியிருக்க மாட்டேன்; எங்களில் மறுநாளே அடக்கிவிடுவார்கள். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த மகன் வீட்டுக்குப் போகலாமா என்பதை அவனை அறியாத ஒருவரின் கையெழுத்து தீர்மானிக்கும் ஏற்பாட்டை அன்றிலிருந்து என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

உலகக் கிண்ணப் போட்டி கத்தாருக்கு என்று 2010 டிசம்பரில் அறிவித்த பிறகு உலகம் அந்தக் காம்புகளை எட்டிப் பார்க்கத் தொடங்கியது. 2018இல் பெரும்பாலான தொழிலாளருக்கு எக்ஸிட் பேர்மிட் நீங்கியது. 2020இல் கம்பனி மாறத் தடையில்லாக் கடிதம் வேண்டியதில்லை என்றார்கள். 2021 மார்ச்சிலிருந்து மாதம் ஆயிரம் றியால் ஆகக்குறைந்த சம்பளம். கொழும்பிலேயே கத்தார் விசா நிலையம் திறந்து மெடிக்கல், விரலடையாளம், ஒப்பந்தம் மூன்றையும் புறப்படுமுன்பே முடிக்கிறார்கள். இவை வரும்போது நான் அங்கே இல்லை. இரண்டு வீடும் எழும்பியபின் 2012இல் திரும்பிவிட்டேன்.

வந்து சொந்தமாக ஒரு சிறு கடை போட்டேன். பக்கத்தில் சுனாமித் தொடர்மாடி வந்திருந்தது, இன்டர்நெட்டும் வந்திருந்தது. ஒக்டோபர் பிறந்தால் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. அமெரிக்க விசா லொத்தர்.

1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் அமெரிக்கா இதை ஏற்படுத்தியது. தங்கள் நாட்டுக்குக் குறைவாக ஆட்கள் வரும் நாடுகளில் பிறந்தவர்களுக்கு வருடம் 55,000 குடியேற்ற விசா. பின்னர் அதில் 5,000 வேறு ஏற்பாட்டுக்குப் போய் 50,000 அளவில் நின்றது. இந்தியாவில் பிறந்தவர் விண்ணப்பிக்க முடியாது. அங்கிருந்து ஏற்கெனவே ஏராளமானோர் போகிறார்கள். இலங்கையிலும் நேபாளத்திலும் பிறந்தவர் விண்ணப்பிக்கலாம். பழைய கடையில் இதைத் தபாலில் அனுப்பிய ஞாபகம் எனக்கு உண்டு. போட்டோவைப் பின் அடிக்காமல் ஒட்டி, கென்டக்கிக்கு முகவரி எழுதிப் போடுவோம். 2003 கடைசியிலிருந்து எல்லாம் கொம்பியூட்டரில். நான் கடை நடத்திய காலத்தில் போடுவதற்குச் சதம் செலவில்லை. ஆனால் அதையும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

போம் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பொறி இருக்கும். பிறந்த நாடு, அங்கே குடியுரிமையை எழுதக் கூடாது. போட்டோ 600க்கு 600 பிக்சல். மார்க்கத்துக்காகத் தலையை மூடலாம், முகம் முழுதும் தெரியவேண்டும். இதைச் சொன்னால்தான் பெண்கள் நிம்மதியாக இருப்பார்கள். 2016க்குப் பிறகு மூக்குக் கண்ணாடி கூடாது. மனைவியையும் இருபத்தொரு வயதுக்குக் குறைந்த கலியாணமாகாத எல்லாப் பிள்ளைகளையும் காட்டவேண்டும். முதல் தாரத்துப் பிள்ளையை, பிரிந்து வாழும் மனைவியை மறைத்துப் போட்டால் சீட்டு விழுந்தாலும் நேர்முகத்தில் தள்ளுபடி. ஒருவர் ஒரு தடவைதான். ஆனால் கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போடலாம், ஒருவருக்கு விழுந்தால் மற்றவரும் போகலாம்.

இங்கேதான் காவின் வரும். நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்துவிடும். முஸ்லிம் விவாகச் சட்டத்தின்படி பதிவு இல்லாவிட்டாலும் கலியாணம் செல்லும். அதனால் காவின் எழுதுவதைப் ‘பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவிட்டுப் பேரப்பிள்ளை கண்ட தம்பதிகள்கூட இருக்கிறார்கள். அல்லாஹ்வின் பார்வையில் அவர்கள் புருசன் பெண்சாதி. விசா அலுவலரின் பார்வையில் முகவரி ஒன்றான இரண்டு பேர்.

2011 மே மாதம் லொத்தரில் நடந்ததைக் கத்தாரில் இருந்தபோது பேப்பரில் வாசித்தேன். அந்த வருடக் குலுக்கலில் 22,000 பேருக்கு விழுந்ததாக அறிவித்த பிறகு, கொம்பியூட்டர் நிரலில் பிழை, தெரிவானவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு நாளில் விண்ணப்பித்தவர்களாகவே வந்துவிட்டார்கள் என்று முழுமுடிவையும் இரத்துச் செய்தார்கள். மறுபடி குலுக்கினார்கள். வேலையை விட்டவர்கள், காணி விற்றவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருப்பார்கள். விசா கையில் வரும்வரை ஒன்றையும் விற்காதே என்று அன்றிலிருந்து வருகிற எல்லாருக்கும் சொல்லிவருகிறேன்.

2013 மே மாதம் என் மனைவியின் பெயருக்கு விழுந்தது. அவர் ஆசிரியை, உயர்தரம் சித்தி. ஆகவே பன்னிரண்டு வருடப் படிப்பு என்ற தகுதிக்குக் குறைவில்லை. கடுதாசி சேர்க்கத் தொடங்கினோம். எங்கள் காவின் பதிவு இருந்தது. அவருடைய வாப்பாவின் பெயர் அதில் ஒரு விதம், பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம். அதற்குச் சத்தியக் கடதாசி. பதினாறு வயதுக்குப் பின் ஒரு வருடமோ மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள்; எனவே எனக்குக் கத்தார் பொலிஸ் சான்றிதழ். வளைகுடாவில் இருந்து வந்த யாரும், திரும்பும் முன்பே அதை எடுத்துவைத்தால் பின்னால் படும் பாடு பாதியாகும்.

எல்லாம் சேர்ந்தது. இலக்கம் வரவில்லை. அந்த வருடத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தெரிவு செய்திருந்தார்கள், விசாவோ 50,000. எல்லாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கில் கூட்டித்தான் எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பிராந்திய இலக்கம் ஒன்று. மாதாமாதம் எந்த இலக்கம் வரை கூப்பிடுகிறோம் என்று வெளியிடுவார்கள். எங்கள் இலக்கத்தை எட்டுமுன் 2014 செப்டெம்பர் 30 வந்துவிட்டது. அந்தத் திகதி தாண்டினால் விழுந்த சீட்டு அத்தோடு செத்துப்போகும். அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. மனைவி பைலைக் கட்டி அலுமாரியில் வைத்துவிட்டு, “இதால நம்மட கடுதாசியாவது நேராச்சு” என்றார். சொன்னது சரிதான். அந்தப் பைலிலிருந்துதான் பிறகு பிள்ளைகளின் அடையாள அட்டையும் பாஸ்போட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தன.

வாப்பாவோடு தறியில் இருந்த ஒருவருடைய மகனுக்கும் இன்னொரு வருடம் விழுந்தது. எட்டாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவர். பன்னிரண்டு வருடப் படிப்பு இல்லையென்றால், குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி தேவைப்படும் தொழிலில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். எந்தத் தொழில் அப்படிப்பட்டது என்பதற்கு அமெரிக்கத் தொழில் திணைக்களம் வைத்திருக்கும் பட்டியல்தான் அளவு. நெசவு அந்த அளவை எட்டவில்லை. சிறுவயதிலிருந்து பழகிய கைக்கு எந்தப் பட்டியலில் இடம்? விதியை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். நேர்முகத்துக்கு ஆளுக்கு 330 டொலர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் சேர்த்தால் 1,650. விசா மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தார். இன்றும் மருதமுனையில் சாரி நெய்கிறார்.

தாத்தாவின் மகன் வேறு வழியில் போனான். இங்கே எஞ்சினியரிங் முடித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு, பிறகு ஒரு மென்பொருள் கம்பனியில் எச்.1பி விசாவில் வேலை. அங்கே வேலை வழியாகக் கிறீன் காட் பெற, வேலை கொடுப்பவர் முதலில் தொழில் திணைக்களத்திடம், இந்த வேலைக்கு உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று சான்று பெறவேண்டும். பிறகு ஆளுக்காக மனு. பிறகு முறை வரும்போது கிறீன் காட் விண்ணப்பம். அவனுடைய மேசைக்குப் பக்கத்து மேசையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர். ஒரே வேலை, ஒரே மொழி, சாப்பாட்டு நேரத்தில் ஒரே கறி. மருமகனுக்குக் கிறீன் காட் கிடைத்துவிட்டது. திருநெல்வேலிக்காரர் பத்து வருடத்துக்கு மேலாக வரிசையில் நிற்கிறார்; மூன்று வருடத்துக்கு ஒரு தடவை விசாவைப் புதுப்பிக்கிறார். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிறீன் காட் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. நூற்றுநாற்பது கோடி பேருள்ள இந்தியாவுக்கும் ஏழுதான், எங்கள் சின்ன இலங்கைக்கும் ஏழுதான். மனைவி வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவருடைய நாட்டு வரிசைக்கு மாறலாம் என்று சட்டத்தில் ஒரு வழி உண்டு. “யாழ்ப்பாணத்துல பொண்ணு பாத்திருக்கணும்” என்று அவர் சிரிப்பாராம். படிப்பு, திறமை, சம்பளம், வரி எல்லாம் ஒன்றாக இருந்தும் இருவரையும் பிரிப்பது பிறப்புப் பத்திரத்தில் உள்ள ஒரே வரி.

2022இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை நின்ற நாட்களில் பாஸ்போட்டுக்கும் இரவிரவாக வரிசை நின்றது. என் கடைக்குத் தமிழரும் முஸ்லிமுமாக வந்தார்கள். ஆசிரியர், தாதி, மேசன், ஓட்டோக்காரர். எல்லோரும் கேட்ட கேள்வி, எந்த நாட்டுக்கு விசா இலேசு என்பது. நான் கேட்டது, உங்கள் பிறப்புப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்பது. இப்போது பாஸ்போட்டுக்குப் பிரதேச செயலகங்களிலேயே விரலடையாளம் எடுக்கிறார்கள். முன்போல எல்லாவற்றுக்கும் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. வசதி கூடிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் இரண்டு மூன்று விதமாகத்தான் இருக்கிறது.

போம் நிரப்பிய அனுபவத்தில் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதியுங்கள். பதியப் போகிறவர் வீட்டுப் பெரியவராக இருந்தாலும், தாய் தகப்பனின் அடையாள அட்டையைக் கையில் கொடுத்து, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்; எழுதியதை ஒப்பமிடுமுன் வாசியுங்கள். நிக்காஹ் நடந்த அன்றே காவினை எழுதிப் பதிவு செய்யுங்கள். ஏஜென்சி தரும் ஒப்பந்தத்தை ஒரு கொப்பி எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். லொத்தர் போட்டால் உறுதி இலக்கத்தை நீங்களே வைத்திருங்கள். உங்களுக்கு விழுந்திருக்கிறது, காசு அனுப்புங்கள் என்று வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள், அமெரிக்க அரசாங்கம் அப்படி யாருக்கும் அறிவிப்பதில்லை. விதிகள் அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறும். அவற்றில் எங்களுக்குக் கையில்லை. பிள்ளையின் பெயரும் திகதியும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முழுக்க எங்கள் கையில்தான். இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கடுதாசிப் பைலை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.